இலவசப் போட்டி நிரலாக்க முகாம்: சிங்கப்பூரில் ஏற்பாடு செய்ய விரும்புவோருக்கு ஒரு கையேடு

பல்கலைக்கழக மாணவர்களுக்கான நிரலாக்கப் போட்டிகளில் தலையாயது ஐசிபிசி எனப்படும் அனைத்துலகக் கல்லூரி நிரலாக்கப் போட்டி. மூன்று பேர் கொண்ட அணிக்கு ஒரே ஒரு கணினி, ஐந்து மணி நேரம், ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு கணக்குகள் என்பது அதன் அமைப்பு. இணையம் கிடையாது, முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டுவந்த குறிப்பேடு மட்டும் கையில் இருக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2015லும் 2018லும் இதன் ஆசிய வட்டாரப் போட்டியை நடத்தியது; 2025ல் ஆசிய பசிபிக் வாகையர் போட்டியும் அங்கேயே நடந்தது. பள்ளி மாணவர்களுக்கான அனைத்துலகத் தகவலியல் ஒலிம்பியாட்டை 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிங்கப்பூர் இணையம் வழியாக நடத்திக் கொடுத்தது. ஆகவே இவ்வூரில் பயிற்சிப் பொருளுக்கோ விவரம் தெரிந்தவர்களுக்கோ பஞ்சமில்லை. கவனிப்பாரின்றி நிற்பவர் நடுவில் இருக்கும் மாணவர்: ஒலிம்பியாட் வழியாக வராதவர், முதலாண்டுப் பாடத்தில்தான் நிரல் எழுதக் கற்றவர், கோட்ஃபோர்சஸ் என்னும் இணைய நிரலாக்கப் போட்டித் தளத்தில் இரண்டொரு போட்டிகளில் கலந்துகொண்டு, மூன்றாவது கணக்கைத் தாண்ட முடியாமல் சோர்ந்துபோனவர். அப்படிப்பட்ட முப்பது நாற்பது பேருக்கு, ஒரு காசும் வாங்காமல், ஒரு வாரம் பயிற்சி அளிக்க நினைக்கும் மூத்த மாணவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இக்கையேடு எழுதப்படுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாம் என்றதும் நம்மவர்களுக்கு விரிவுரைதான் நினைவுக்கு வருகிறது. காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, மாலை ஒன்று என்று அட்டவணையை நிரப்பிவிட்டுத்தான் நிம்மதி அடைகிறோம். ஆனால் விரிவுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. தனியாக இருக்கும் மாணவருக்குக் கிடைக்காதது, தான் தோற்ற கணக்கோடு மீண்டும் மல்லுக்கு நிற்கும் நேரமும், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சரியான கேள்வியைக் கேட்கும் ஓர் ஆளும்தான். முகாமின் அட்டவணை, ஆள்பலம், இடம், உணவு ஆகிய அனைத்தையும் அந்த இரண்டையும் கொடுப்பதற்கு ஏற்பவே திட்டமிட வேண்டும்.

எப்போது நடத்துவது

ஆசிய வட்டாரப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வருகின்றன. இங்கே கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. எனவே மே முதல் ஜூலை வரையிலான நீண்ட விடுமுறைதான் இயல்பான காலம். சிக்கல் என்னவென்றால், அந்த விடுமுறையை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களில் பலர் நிறுவனங்களில் வேலைப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஜூன் மாதத்தில் வார நாள்களில் முகாம் வைத்தால், யாருக்காக வைக்கிறோமோ அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். தேர்வு முடிந்து வேலைப் பயிற்சி தொடங்குவதற்கு முன் மே மாதத்தில் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கிறது. அதுவே என் முதல் தேர்வு. அப்போது முகாமை முடித்துவிட்டால் மீதி விடுமுறை முழுவதையும் மாணவர் தம் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது அமையாவிட்டால் ஜூலையில் தொடர்ச்சியான சனி, ஞாயிறுகளில் வைக்கலாம். டிசம்பர் விடுமுறை பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதற்குள் அவ்வாண்டின் வட்டாரப் போட்டிகள் முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும் என்பதால், புதியவர்களுக்கு மட்டுமே அது உதவும்.

யாரைச் சேர்ப்பது

இலவசம் என்று அறிவித்தால் பெயர் கொடுப்பவர்கள் ஏராளம். மூன்றாம் நாள் எஞ்சியிருப்பவர்கள் சொற்பம். இதைத் தடுக்கச் சிலர் ஐம்பது வெள்ளி முன்பணம் வாங்கி, முகாம் முடிவில் திருப்பித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைச்செலவுக்கு இழுபறியாக இருக்கும் மாணவருக்கு ஐம்பது வெள்ளி ஒரு தடை. வசதியுள்ளவருக்கோ அது பொருட்டே இல்லை. அதைவிட, நுழைவுக்கு ஐந்து கணக்குகளை வெளியிட்டு, அவற்றில் எவையேனும் இரண்டைத் தீர்த்து, தீர்க்க முடியாத ஒன்றைப் பற்றித் தாம் எதையெல்லாம் முயன்றார் என்பதை அரைப்பக்கம் எழுதி அனுப்பச் சொல்லலாம். அந்த அரைப்பக்கம்தான் உண்மையான தேர்வு. "தெரியவில்லை" என்று ஒரு வரியில் முடிப்பவருக்கும், "எல்லா இணைகளையும் சோதித்தேன், நேரம் கடந்துவிட்டது, வரிசைப்படுத்தினால் குறையுமா என்று யோசித்தேன்" என்று எழுதுபவருக்கும் உள்ள வேறுபாட்டை வேறு எந்தப் படிவமும் காட்டித் தராது.

நுழைவுக் கணக்குகளுக்குக் குறைந்தது மூன்று வார அவகாசம் கொடுங்கள். சிங்கப்பூர் ஆண்கள் பெரும்பாலோர் ஈராண்டு முழுநேரத் தேசிய சேவையை முடித்துவிட்டே பல்கலைக்கழகத்திற்கு வருகிறார்கள். தொடக்கக் கல்லூரியில் கணினியியல் படித்தவர்கூட அந்த இடைவெளியில் பாதியை மறந்திருப்பார். இரண்டு நாளில் முடிக்கச் சொன்னால் அவர் விலகிவிடுவார். மூன்று வாரம் இருந்தால் தூசி தட்டிக்கொண்டு வந்துவிடுவார். பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்தவர்களின் நிலை வேறு: நிரல் எழுதும் கை பழகியிருக்கும், கணிதப் பக்கம் கொஞ்சம் பயம் இருக்கும். இரு சாராரையும் ஒரே அணியில் கலந்து அமர்த்தினால் இருவருக்குமே நல்லது.

திறன் அளவில் இரண்டு குழுக்கள் போதும். கோட்ஃபோர்சஸ் தரமதிப்பில் (போட்டி முடிவுகளைக் கொண்டு அத்தளம் ஒவ்வொருவருக்கும் தரும் எண்) 1400க்குக் கீழ் இருப்பவர்களும் அங்கே இன்னும் பதிவு செய்யாதவர்களும் ஒரு குழு. 1400 முதல் 1900 வரை இருப்பவர்கள் இன்னொரு குழு. அதற்கு மேல் உள்ளவர்கள் முகாமுக்கு மாணவராக வர வேண்டியதில்லை. பயிற்றுநராக வரச் சொல்லுங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயர், பல்கலைக்கழக மின்னஞ்சல், உணவு விருப்பம், அவசரத் தொடர்பு ஆகியவை போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சட்டம் கோரும் இடங்களிலும் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதி செய்ய வேண்டிய இடங்களிலும் தவிர அவ்வெண்ணைத் திரட்டக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஆதரவு கொடுக்கும் நிறுவனத்திற்கு மாணவர் பட்டியலை அனுப்ப நினைத்தால், அதற்கு ஒவ்வொருவரிடமும் தனியே ஒப்புதல் பெற வேண்டும்.

இடம், உணவு, பணம்

இடத்திற்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமே சிறந்தது. கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் என்றால் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் பூன் லே நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும் என்பதால், சாங்கி, பாசிர் ரிஸ் பக்கமிருந்து வருபவருக்குத் தொடக்க நேரத்தை அரை மணி தள்ளிவையுங்கள். அறையை முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: விடுமுறையில் குளிரூட்டி எத்தனை மணிக்கு நிறுத்தப்படுகிறது, பிற பல்கலைக்கழக மாணவர்கள் கம்பியில்லா இணையத்தில் நுழைய முடியுமா, அச்சுப்பொறி உண்டா. மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அதன் அவசியம் கீழே வருகிறது. குளிரூட்டி நின்றால் வேர்க்கும், ஓடினால் நடுங்கும். மேலங்கி கொண்டுவரும்படி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

உணவில் கஞ்சத்தனம் கூடாது. வெளியே உணவங்காடிக்கு அனுப்பினால், மதிய இடைவேளை ஒரு மணி நேரத்திலிருந்து தானாகவே ஒன்றே முக்கால் மணி நேரமாகிவிடும். ஹலால் சமையலறை ஒன்றிலிருந்து பொட்டலச் சாப்பாடும், தேக்கா பக்கத்திலிருந்து சைவச் சாப்பாடும் வரவழைத்தால் எல்லாருக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகைக்குச் செல்வோருக்காக மதிய இடைவேளையை இரண்டரை வரை நீட்டுங்கள். அன்று ஐந்து மணி நேரப் போட்டி வைக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பெருஞ்செலவு சாப்பாடு மட்டுமே. நிரலாக்கத் திறனாளர்களைத் தேடும் நிறுவனங்கள் இதுபோன்ற முகாமுக்கு உதவ முன்வரக்கூடும். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அவர்களுக்கு ஒரு மதிய வேளையில் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முன்னாள் மாணவர்கள் நால்வர் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டால் அதுவே பெரும்பகுதியைத் தாங்கிவிடும். அவர்கள் இருபது நிமிடமும் கேட்க மாட்டார்கள்.

நடுவர் மென்பொருளும் கணக்குகளும்

மாணவர் அனுப்பும் நிரலைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு தளம் தேவை. டோம்ஜட்ஜ் என்னும் நடுவர் மென்பொருளைச் சொந்தமாக நிறுவி நடத்த ஆசை வரும். முதல் முகாமில் வேண்டாம். வழங்கி படுத்துவிட்டால் பயிற்றுநர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருப்பார்கள், மாணவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோட்ஃபோர்சஸ் தளத்தில் ஏற்கெனவே உள்ள கணக்குகளைத் தொகுத்துத் தனிப் போட்டியாக வைக்கும் வசதி உண்டு. ஸ்வீடனில் உருவான கேட்டிஸ் தளத்தில் பழைய வட்டாரப் போட்டிக் கணக்குகள் நிறையக் கிடைக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் நடத்திவரும் போட்டி நிரலாக்கப் பாடமும் அதையே பயன்படுத்துகிறது. அவரே 2011ல் தொடங்கிய விசுவால்கோ, தரவுக் கட்டமைப்புகள் இயங்கும் விதத்தைப் படமாகக் காட்டும்; விரிவுரையைக் குறைக்க நினைப்பவருக்கு அது பெரிய உதவி. அடிப்படைக் கணக்குகளுக்குப் பின்லாந்தின் சிஎஸ்இஎஸ் தொகுப்பும், டைனமிக் புரோகிராமிங்குக்கு (பெரிய கணக்கைச் சிறியவையாகப் பிரித்து, அவற்றின் விடைகளைச் சேமித்துப் பயன்படுத்தும் முறை) ஜப்பானின் அட்கோடர் வெளியிட்ட 26 கணக்குகளும் போதும்; நாமே புதிதாக எழுத வேண்டிய தேவை மிகக் குறைவு.

ஒரு போட்டிக்குக் கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்றுநர்கள் வழக்கமாகத் தமக்குப் பிடித்த கடினமான கணக்குகளை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். குழுவில் உள்ள எல்லாரும் ஒன்றையாவது தீர்க்க வேண்டும், எவரும் எல்லாவற்றையும் தீர்த்துவிடக் கூடாது, நடுத்தர மாணவருக்குச் சரியாக ஓரடி எட்டாத தூரத்தில் இரண்டு கணக்குகளாவது இருக்க வேண்டும். பிற்பகல் முழுவதும் அந்த இரண்டைச் சுற்றித்தான் ஓடும்.

ஒரு நாளின் நடை

காலை ஒன்பதரைக்கு அரை மணி நேர விளக்கம், பத்து முதல் பன்னிரண்டரை வரை போட்டி, சாப்பாடு, ஒன்றரை முதல் ஐந்து வரை, காலையில் தீராத கணக்குகளைத் தீர்த்தல், கடைசி அரை மணியில் மாணவர்களே எழுந்து விளக்குதல். இவ்வளவே. அரை மணி விளக்கத்தில் ஒரே ஒரு கருத்து போதும். முதல் நாள் நேரச் சிக்கல் கணிப்பும் (உள்ளீடு பெருகும்போது நிரல் எடுக்கும் நேரத்தை மதிப்பிடுதல்) முன்தொகையும் (தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடம் வரையிலுமான கூட்டுத்தொகை). இரண்டாம் நாள் பைனரி தேடல் (தேடும் எல்லையைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுதல்). மூன்றாம் நாள் கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வலையமைப்பு). நான்காம் நாள் டைனமிக் புரோகிராமிங். ஐந்தாம் நாள் மேல் குழுவுக்குச் செக்மென்ட் ட்ரீ என்னும் தரவுக் கட்டமைப்பு, கீழ்க் குழுவுக்கு மீண்டும் டைனமிக் புரோகிராமிங், ஏனென்றால் ஒரே நாளில் அது யாருக்கும் பிடிபடுவதில்லை. ஆறாம் நாள் முழுநீளப் போட்டி.

பிற்பகல் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். முதல் நாளுக்கு ஏற்ற கணக்கு இது: ஓர் உணவங்காடித் தெருவில் வரிசையாக 200,000 கடைகள் வரை இருக்கலாம். ஒவ்வொரு கடையின் நேற்றைய லாபமோ நட்டமோ முழு எண்ணாகக் கொடுக்கப்படும். அடுத்தடுத்துள்ள ஒன்று அல்லது பல கடைகளைச் சேர்த்தால் மொத்தம் சரியாக க வெள்ளி (க என்பது கணக்கில் கொடுக்கப்படும் ஓர் எண்) வரும் வழிகள் எத்தனை? கடைகள் 3, -1, 2, -4, 5 என்றும் க 2 என்றும் இருந்தால் விடை 3: முதலிரண்டு கடைகள், மூன்றாவது கடை மட்டும், இரண்டிலிருந்து ஐந்து வரை.

மாணவர் முதலில் செய்வது, ஒவ்வொரு தொடக்கத்தையும் ஒவ்வொரு முடிவையும் எடுத்து மொத்தத்தைச் சோதிப்பது. சிறிய உள்ளீட்டில் அது சரியாக வரும். பெரியதில் "நேரம் கடந்தது" என்ற தீர்ப்பு வரும். இங்கேதான் பயிற்றுநர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். "முன்தொகை போடு" என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். மாணவர் கற்றது ஒன்றுமிருக்காது. கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கடைகள் 200,000 என்றால் உன் நிரல் எத்தனை இணைகளைப் பார்க்கிறது?" அவரே கணக்கிட்டு 20 பில்லியன் என்று சொல்வார். சி++ நிரல் ஒரு நொடியில் சில நூறு மில்லியன் எளிய செயல்களைத்தான் முடிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தால், நிரலைத் தட்டுவதற்கு முன்பே இது ஓடாது என்று தெரிந்திருக்கும். உள்ளீட்டின் உச்ச அளவைப் பார்த்து வழியை ஊகிக்கும் இந்தப் பழக்கத்தை முதல் நாளே ஊட்டிவிடுங்கள். 20 என்றால் எல்லா உட்கணங்களையும் பார்க்கலாம், அவை ஒரு மில்லியனைச் சற்றுத் தாண்டும். 500 என்றால் மூன்றடுக்குச் சுழற்சி 125 மில்லியனில் முடியும். 5,000 என்றால் இரண்டடுக்கு. 200,000 என்றால் வரிசைப்படுத்தும் நேரத்திற்கு மேல் செலவழிக்க உரிமையில்லை.

இரண்டாம் கேள்வி, ஒரு கால் மணி கழித்து: "முதல் கடையிலிருந்து ஒவ்வொரு கடை வரையிலுமான மொத்தத்தைத் தாளில் எழுது." அவர் 0, 3, 2, 4, 0, 5 என்று எழுதுவார். மூன்றாம் கேள்வி: "இரண்டாம் கடையிலிருந்து ஐந்தாம் கடை வரையிலான தொகை இந்தப் பட்டியலில் எங்கே ஒளிந்திருக்கிறது?" 5இலிருந்து 3ஐக் கழித்தால் வருகிறது என்று கண்டுபிடிக்கும் நொடியில் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், மீதியை அவரே முடிப்பார். ஒவ்வொரு மொத்தத்தையும் அடையும்போது, அதைவிட க குறைவான மொத்தம் இதற்கு முன் எத்தனை முறை வந்தது என்பதை ஓர் அட்டவணையில் எண்ணிக்கொண்டே போனால், ஒரே நடையில் விடை கிடைத்துவிடும்.

அத்தோடு முடியவில்லை. சரியான வழியில் எழுதிய நிரலுக்கும் "தவறான விடை" வரலாம், அப்போது மாணவர் தம் வழியையே சந்தேகிக்கத் தொடங்குவார். எல்லாக் கடைகளிலும் லாபம் 0, கவும் 0 என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது எல்லாத் தொடர்களும் விடையில் சேரும். 200,000 கடைகளுக்கு எண்ணிக்கை 20,000,100,000. சாதாரண 32 பிட் முழு எண் 2,147,483,647ஐத் தாண்டாது. விடையைச் சேர்த்துவைத்த மாறிதான் நிரம்பி வழிந்திருக்கிறது. 64 பிட்டாக மாற்றினால் சரியாகிவிடும். உள்ளீட்டு எண்கள் சிறியவை என்பதால் விடையும் சிறியது என்று நம்புவது புதியவர்களிடம் மிகப் பரவலான பிழை. ஒருமுறை இப்படிக் கையும் களவுமாகப் பிடிபட்டவர் பிறகு மறப்பதில்லை.

பயிற்றுநருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதிகள் கடுமையானவை. மாணவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று படிகளில் குறிப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு குறிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது கால் மணி நேரம் விட வேண்டும். எட்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கு இருந்தால்தான் இது நடக்கும். நாற்பது பேருக்கு ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் மாணவர் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்றுநரை ஓட வைக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை மாலை ஐந்து மணி வரை மூடிவைக்கச் சொல்லுங்கள். பிற்பகலில் கேட்டால் அது மூன்று குறிப்புகளையும் விடையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும்.

கடைசி அரை மணி நேரத்தில் மாணவர் ஒருவர் எழுந்து தாம் தீர்த்த கணக்கை விளக்கும்போது, தமிழில் பேசும்படி ஊக்குவியுங்கள். கணக்குத் தாள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், ஏனென்றால் போட்டியில் அப்படித்தான் வரும். ஆனால் வீட்டில் பேசுவதுபோல் விளக்கும்போது, மனப்பாடம் செய்த சொற்றொடர்களுக்குப் பின்னால் மறைந்துகொள்ள இடமிருக்காது. புரியாத இடத்தில் பேச்சு தானாகத் தடுக்கும். தமிழறியாத நண்பர்களும் வந்திருந்தால் ஆங்கிலத்தில் விளக்குவதே மரியாதை.

அணியாகப் பழகுதல்

ஐசிபிசியில் தனித்திறன் பாதிதான். நான்காம் நாளிலிருந்து மூவர் மூவராகப் பிரித்து, அணிக்கு ஒரே கணினியைக் கொடுங்கள். மற்ற மடிக்கணினிகள் பையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடங்களில் ஒருவர் அடிப்படை நிரல் வார்ப்பைத் தட்டிவைக்க, இன்னொருவர் கணக்குத் தாளை முன்னிருந்தும் மூன்றாமவர் பின்னிருந்தும் படிக்க வேண்டும். எளிய கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அப்படித்தான் விரைவில் கண்டுபிடிக்க முடியும்.

கணினிதான் அணியின் அரிய பொருள். அதன் முன்னால் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. யோசித்து முடித்தவரே உட்கார வேண்டும். நிரல் தவறாகிவிட்டால் அதை அச்சடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். தாளில் பேனாவால் பிழை தேடிக்கொண்டிருக்கும்போது கணினியில் அடுத்தவர் தம் கணக்கைத் தட்டிக்கொண்டிருப்பார். அச்சுப்பொறி வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். திரையை விட்டுத் தாளுக்கு வந்ததும், ஒரு மணி நேரம் கண்ணில் படாத பிழை அகப்பட்டுவிடுவதுண்டு.

தண்டப்புள்ளி முறையையும் போட்டியில் அப்படியே கடைப்பிடியுங்கள். தரவரிசையில் முதலில் பார்ப்பது தீர்த்த கணக்குகளின் எண்ணிக்கை, சமமானால் நேரம். ஒரு கணக்கை 50வது நிமிடத்தில் தீர்த்து, அதற்கு முன் இரண்டு முறை தவறாக அனுப்பியிருந்தால், ஒவ்வொரு தவறுக்கும் 20 நிமிடம் சேர்ந்து 90 நிமிடம் ஆகிவிடும். கடைசி வரை தீர்க்காத கணக்குக்குத் தண்டம் இல்லை. இது தெரிந்தால், போட்டியின் முடிவில் எதையும் இழக்காமல் துணிந்து அனுப்பிப் பார்க்கலாம் என்பதும், தொடக்கத்தில் எளிய கணக்கை அவசரமாக அனுப்புவது வீண் என்பதும் மாணவருக்கே புரிந்துவிடும்.

அச்சுக் குறிப்பேட்டையும் முகாமிலேயே தொடங்கிவிடுங்கள். உலக இறுதிச் சுற்றில் 25 பக்கம் வரை அனுமதி உண்டு. வட்டாரப் போட்டிகளில் விதி மாறலாம் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பிறருடைய குறிப்பேட்டை அப்படியே அச்சடித்துக் கொண்டுபோவதில் பயனில்லை. தாமே எழுதி, ஏதேனும் ஒரு தளத்தில் சோதித்து வென்ற நிரல் மட்டுமே அதில் இடம்பெறட்டும்.

ஆறாம் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் போட்டியை உண்மையானதைப் போலவே நடத்துங்கள்: ஐந்து மணி நேரம், இணையம் இல்லை, கடைசி ஒரு மணி நேரத்திற்குத் தரவரிசைப் பலகை உறைந்து நிற்கும், தீர்த்த ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிற பலூன். பலூன் சின்னப்பிள்ளைத்தனம் என்று சிலர் தவிர்க்கப் பார்ப்பார்கள், தவிர்க்காதீர்கள். பக்கத்து மேசையில் மஞ்சள் பலூன் ஏறுவதைப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு எளிது என்ற சேதி மற்ற அணிகளுக்குப் போய்ச் சேரும். அதைக் கவனிப்பதும் போட்டித்திறனில் ஒன்று. பரிசுகளைச் சிறியதாகவே வையுங்கள். முதலிடத்துக்கு மட்டுமின்றி, வாரம் முழுவதும் பிற்பகலில் அதிகக் கணக்குகளைத் தீர்த்தவருக்கும் ஒன்று கொடுங்கள். அந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் யாரையும் கூப்பிடாதீர்கள். ஆனால் கலைந்துபோவதற்கு முன்பே வாரம் ஒருமுறை கூடும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். வேலைப் பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை காலைதான் வசதி. மெய்நிகர்ப் போட்டி என்பதால் அவரவர் வீட்டிலிருந்தே பங்கேற்கலாம். கோட்ஃபோர்சஸில் பழைய வட்டாரப் போட்டிகளை அன்று நடந்ததுபோலவே கடிகாரம் ஓடவிட்டு எழுதும் வசதி இருக்கிறது. அணியாகவே அதில் சேரலாம். போட்டி முடிந்த பின் தீராத கணக்குகளில் குறைந்தது ஒன்றை அடுத்த சனிக்குள் தீர்த்துவிட்டு, இரண்டு வரிக் குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் இட வேண்டும் என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும். ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கியதும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். நின்றவர்களை நச்சரிக்க வேண்டாம். மீதியிருப்பவர்களைக் கொண்டு, தத்தம் பல்கலைக்கழகத்தின் அணித் தேர்வு எப்போது என்று பொறுப்பாசிரியரிடம் விசாரித்து, செப்டம்பருக்குள் மூவர் அணிகளை உறுதி செய்துவிடுங்கள். முகாமில் பயன்படுத்திய கணக்குகளின் பட்டியல், மூன்று படிக் குறிப்புகள், எந்தக் கணக்கை எத்தனை பேர் எந்த நிமிடத்தில் தீர்த்தார்கள் என்ற பதிவு, சாப்பாட்டுச் செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு, அடுத்த ஆண்டு நடத்தப்போகும் இரண்டாமாண்டு மாணவர் இருவரிடம் அந்த மாதமே ஒப்படைத்துவிடுங்கள்.